ஒட்டகச்சிவிங்கியும் 3.8 சென்டிமீட்டரும்

குழந்தைகள் உயரம் பார்க்கிற சார்ட் என்று கடையிலோ ஆன்லைனிலோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டகச்சிவிங்கிதான் வந்து நிற்கும். கழுத்து நீளம், அதில் ஸ்கேல் வரைய வசதி, வேற காரணம் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பிராணி கிடையாது. ஒட்டகச்சிவிங்கிக் குட்டி பிறக்கும்போதே கிட்டத்தட்ட ஆறடி இருக்கும். அதாவது பிறந்த அன்றைக்கே எங்க அத்தானை விட உயரம் :-)

அக்கா வீட்டுக்கு வந்ததும் அதேதான். துணியில் அச்சடித்தது, மேலேயும் கீழேயும் ஒரு கட்டைக்குச்சி, தொங்கவிட ஒரு கயிறு. கீழே 60-ல் ஆரம்பித்து மேலே 160 வரைக்கும் சென்டிமீட்டர் கோடுகள். ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தின் ரெண்டு பக்கமும் மற்ற பிராணிகள்: 70-ல் முயல், 85-ல் பெங்குவின், 95-ல் குரங்கு, 110-ல் சிங்கம், 130-ல் யானை. (எம்பரர் பெங்குவின் நிஜத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும், அதைக் குரங்குக்குக் கீழே வைத்தது யார் என்று கேட்காதீர்கள். யானைக்குட்டி பிறக்கும்போதே மூன்றடி சொச்சம். படம் போட்டவர் விலங்குக் காட்சிசாலை பக்கம் போனதில்லை போல.)

அக்கா பையனுக்கு அப்போது சரியாக ரெண்டரை வயது. இந்தப் பதிவில் அவன் பெயர் வாண்டு. சார்ட் மாட்டிய அன்றைக்கே வாண்டுவை நிறுத்தி, தலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டார் அத்தான். 85.8. பெங்குவின் தலைக்கு ஒரு விரல்கூட மேலே இல்லை. வாண்டுவுக்கு ஒரே சந்தோஷம், "நான் பெங்குனு" என்று வீடு முழுக்க ஆடி ஆடி நடந்தான்.

மறுநாள் அக்கா எதற்கோ தடுப்பூசி புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அதில் ரெண்டு வயது முடிந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதிய எண் இருந்தது. 86.0.

ஆறு மாசத்தில் பிள்ளை ரெண்டு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறான்.

அப்புறம் நடந்ததை உங்களுக்கே ஊகிக்க முடியும். அக்காவோட மாமியார் நல்ல மனுஷி, ஆனால் கவலைப்பட ஆரம்பித்தால் ஊர் முழுக்கத் தெரியும். "பிள்ள வளரவே மாட்டேங்கான்" என்று போனில் நாலு பேருக்குச் சொல்ல, அந்த நாலு பேரும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். பால் சீக்கிரம் மறக்கடித்தது, சோறு ஊட்டாமல் தானாகச் சாப்பிட விட்டது, அக்கா வேலைக்குப் போவது, கண்ணேறு. ஒரு உறவுக்காரம்மா நேரிலேயே வந்து, தன் பேரன் இவனை விட மூணு மாசம் சின்னவன், குரங்கைத் தாண்டிவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். (அவங்க வீட்டிலும் இதே மாதிரி சார்ட்.) அத்தான் உயரம் கூட்டும் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்தார், நானூற்றுச் சொச்சம் ரூபாய். அக்கா ஒன்றும் பேசவில்லை. தினமும் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் வாண்டுவைச் சார்ட்டில் நிறுத்திப் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் போவாள். ஒரு வாரத்தில் வாண்டு அந்தச் சுவர்ப் பக்கம் வர மறுத்தான். "பெங்குனு வேணாம் சித்தி" என்று என் பின்னாடி வந்து ஒளிந்துகொண்டான்.

இங்கே நான் ஒரு பி.காம். மாணவி என்பதை ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். எங்களுக்கு முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம், போன வருஷத்துக் கணக்கையும் இந்த வருஷத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ரெண்டும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடுவில் முறையை மாற்றினால் மாற்றினேன் என்று எழுதி, வித்தியாசத்தையும் காட்ட வேண்டும். சரக்கு குறைந்திருக்கிறது என்று ஸ்டோர்கீப்பரைத் திட்டுவதற்கு முன்னால் தராசைப் பார் என்பதுதான் இதற்குத் தமிழ்.

அதனால் தராசைப் பார்த்தேன். வீட்டில் ஆசாரி விட்டுப்போன ஸ்டீல் டேப் ஒன்று இருந்தது. தரையிலிருந்து சார்ட்டின் 60 என்ற கோடு வரைக்கும் பிடித்தால் 63.8 வந்தது.

காரணம் ரொம்பச் சின்னது. அத்தான் புது ஆணி அடிக்கவில்லை. சுவரில் ஏற்கெனவே தினசரி காலண்டர் தொங்கிய ஆணி இருந்தது. காலண்டரை எடுத்துவிட்டு ஒட்டகச்சிவிங்கியைத் தொங்கவிட்டிருக்கிறார். சார்ட் 3.8 செ.மீ. மேலே ஏறித் தொங்கினால், அளக்கிற ஆள் 3.8 செ.மீ. குட்டையாகிவிடுவான். 85.8-ஐயும் 3.8-ஐயும் கூட்டுங்கள். வாண்டுவின் உயரம் 89.6.

"அட்டையில ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனும் இல்லயே" என்றார் அத்தான். இருந்தது. பின்பக்கம், பொடி எழுத்தில். சரி, அதை விடுங்கள்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி அந்த 86.0-ல் இருக்கிறது. அது தப்பான எண் இல்லை, ஆனால் அது உயரமே இல்லை, நீளம். சின்னக் குழந்தைகளை நிற்க வைத்து அளக்க முடியாது, நிற்காது. அதனால் ரெண்டு வயது வரைக்கும் படுக்க வைத்து, தலை ஒரு பலகையில் முட்ட, காலை நீட்டிப் பிடித்து அளப்பார்கள். ரெண்டு வயதுக்கு மேல்தான் நிற்க வைப்பது. ஒரே குழந்தையை ஒரே நாளில் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தால் படுத்த நீளம் கொஞ்சம் கூடுதலாக வரும். நிற்கும்போது உடம்பின் எடை முதுகெலும்பை அழுத்துகிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்த வித்தியாசம் சராசரியாக 0.7 செ.மீ. ஒரு அளவை இன்னொன்றாக மாற்ற வேண்டுமென்றால் 0.7-ஐக் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வாண்டுவுக்கு ரெண்டு வயதில் இருந்த நின்ற உயரம் ஏறக்குறைய 85.3.

85.3-லிருந்து 89.6. ஆறு மாசத்தில் 4.3 செ.மீ. வளர்ந்த பிள்ளை, நாலு பேர் வாயில் ரெண்டு மில்லிமீட்டர் சுருங்கிவிட்டான்.

இதைப் பேப்பரில் எழுதிக் காட்டியபோது அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "அப்ப நா ஊட்டுனதெல்லாம் உடம்புல சேந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த ஒரு வாரம் அவள் என்ன பாடு பட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பவுடர் டப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் அதை அத்தானே குடித்து முடித்தார். அவர் உயரம் இன்னும் 165-தான் :-)

இதற்குப் பிறகு எனக்கு இந்த உயரம் அளக்கிற விஷயத்தில் ஒரு பித்துப் பிடித்துவிட்டது. செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் படித்ததெல்லாம் இதுதான். அதில் ரொம்பப் பிடித்த ஆள் ஒரு பிரெஞ்சுக்காரர், கெனோ த மோன்பெய்யார். 18-ஆம் நூற்றாண்டில் புஃபோன் என்பவர் இயற்கை வரலாறு என்று பல தொகுதிகளாக விலங்குகள் பற்றிய பெரிய நூல் எழுதினார் இல்லையா, அதில் பறவைகள் பகுதியில் நிறைய எழுதிக்கொடுத்தவர் இவர். பறவை மனிதர். அவருக்கு 1759-ல் ஒரு மகன் பிறந்தான். அன்றிலிருந்து ஏறத்தாழ ஆறு மாசத்துக்கு ஒரு முறை, 1777 வரைக்கும், பதினெட்டு வருஷம், மகனை நிறுத்தி அளந்து எழுதி வைத்தார். ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து வளர்ந்து முடியும் வரை தொடர்ந்து அளந்த பதிவுகளில் நமக்குத் தெரிந்த முதல் பதிவு அது. புஃபோன் அதைத் தன் நூலின் பிற்சேர்க்கையில் அச்சிட்டார். 1927-ல் ஸ்காமன் என்ற அமெரிக்கர் அந்தப் பழைய பிரெஞ்சு அடி, அங்குலக் கணக்குகளையெல்லாம் மெட்ரிக்குக்கு மாற்றி வரைபடமாகப் போட்டார். குழந்தை வளர்ச்சி பற்றிய பாடப் புத்தகங்களில் இன்றைக்கும் அந்தப் பையனின் கோடு வருகிறது.

பதினெட்டு வருஷம் என்பதை யோசித்துப் பாருங்கள். நம்ம வீடுகளில் சார்ட் மாட்டிய மூணாவது மாசம் அதன் மேல் ஸ்கூல் பை தொங்கும்.

அந்தப் பையனின் அளவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு தடவை ராத்திரி முழுக்க நடன விருந்தில் இருந்துவிட்டு வந்த பிறகு அளந்தபோது உயரம் குறைந்திருந்தது, ஓய்வெடுத்த பிறகு திரும்பி வந்துவிட்டது. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டுகள் பகலெல்லாம் அமுங்கி, ராத்திரி படுத்ததும் மறுபடி உப்புகின்றன. பெரியவர்களுக்குக் காலைக்கும் மாலைக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு அழுத்துவதற்கு எடையே இல்லாததால் மூணு சதவீதம் வரைக்கும் உயரம் கூடி, பூமிக்குத் திரும்பியதும் பழையபடி ஆகிவிடுகிறது. ஆகவே காலையில் எழுந்ததும் ஒரு தடவை, அடுத்த தடவை சாயங்காலம் விளையாடிவிட்டு வந்ததும் என்று அளந்தால், நடுவில் வளர்ந்தது கணக்கிலேயே வராமல் போக வாய்ப்பு உண்டு.

அக்கா மாதிரி தினமும் அளந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. ரெண்டு வயதிலிருந்து மூணு வயதுக்குள் ஒரு பையன் சராசரியாக 9 செ.மீ. வளர்கிறான். மாசத்துக்கு முக்கால் சென்டிமீட்டர். வீட்டில் நோட்டுப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கோடு போடும்போது கை சாய்வது, முடி எழும்பி நிற்பது, பிள்ளை குதிகாலைத் தூக்குவது எல்லாம் சேர்ந்து அரை சென்டிமீட்டர் தாராளமாகத் தப்பும். வளர்ச்சியே முக்கால், தப்பு அரை என்றால் மாசா மாசம் நாம் அளப்பது வளர்ச்சியையா நம்ம கை நடுக்கத்தையா? மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். என்னைக் கேட்டால் ஆறு மாசம், பறவை மனிதர் மாதிரி.

போதாக்குறைக்கு, வளர்ச்சி என்பது குழாயில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற மாதிரி ஒரே சீராக நடப்பதும் இல்லையாம். 1992-ல் மிஷெல் லாம்ப்ல் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 31 கைக்குழந்தைகளை அடிக்கடி அளந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாட்கள் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே நாளில் தாவி வளர்வதாக அவர்கள் கண்டார்கள். இன்னொன்று 2004-ல் வந்தது, அதில் ஆட்டுக்குட்டிகளின் கால் எலும்பில் சின்னக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். எலும்பு நீண்டதில் பத்தில் ஒன்பது பங்கு அது படுத்திருக்கும்போது நடந்திருக்கிறது. நம்ம ஊர் ஆச்சிமார் தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று சொல்வதற்கு ஒரு ஆட்டுக்குட்டி சாட்சி சொல்லியிருக்கிறது.

சரி, 89.6 என்பது உயரமா குட்டையா? இந்தக் கேள்விக்குத்தான் பிராணிகளை விட்டுவிட்டு நிஜமான சார்ட்டுக்குப் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் இருக்கின்றன. அதற்கு முன் பல நாடுகளில் பயன்பட்டது அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு. அதை மாற்றுவதற்காக 1997-லிருந்து 2003 வரை ஆறு இடங்களில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தார்கள். பிரேசிலில் பெலோடாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், அப்புறம் நம்ம தெற்கு டில்லி. தாய்ப்பால் குடித்த, வீட்டில் சாப்பாட்டுக்கும் சுத்தத்துக்கும் குறையில்லாத, அம்மா புகைபிடிக்காத குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். முடிவு எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதில் டில்லிப் பிள்ளையும் ஆஸ்லோ பிள்ளையும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஐந்து வயது வரைக்குமான குழந்தை விஷயத்தில் "நம்ம ஆளுங்க குட்டைதான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்தக் கணக்கில் ரெண்டரை வயதுப் பையனின் நடு உயரம் 91.9 செ.மீ. கீழே 85.1-ல் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு கவனிக்கச் சொல்கிறார்கள். வாண்டு 89.6. நடுவுக்குக் கொஞ்சம் கீழே, எல்லைக்கோட்டுக்கு நல்ல மேலே. ரெண்டு வயதில் 85.3 இருந்தபோதும் அந்த வயதின் நடு உயரமான 87.1-க்குக் கொஞ்சம் கீழேதான். இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அவன் ரயில் தன் தண்டவாளத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தண்டவாளம் மாறிக் கீழே இறங்கினால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும். அம்மா 152, அப்பா 165 இருக்கிற வீட்டில் பிள்ளை எல்லாரையும் விட மேல் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? (பையனாக இருந்தால் அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, 13 சேர்த்து, ரெண்டால் வகுத்துப் பார்ப்பது ஒரு தோராயக் கணக்கு. வாண்டுவுக்கு 165 வருகிறது. அத்தான் இதைக் கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.)

இதில் நம்ம ஊர்க்காரர்கள் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுகிறோம். சில டாக்டர்கள் "இவன் 25-வது பெர்சன்டைல்" என்று சொல்வார்கள். நமக்கு அது காதில் விழுவது 25 மார்க் என்று. 35 எடுத்தால்தானே பாஸ்! அது மார்க்கே இல்லை. ஆரோக்கியமான நூறு பிள்ளைகளைக் குட்டையிலிருந்து உயரமாக வரிசையில் நிறுத்தினால் இவன் நிற்கிற இடம் 25-க்குப் பக்கத்தில். அந்த வரிசையில் யாரோ ஒருவர் முதலில் நின்றுதான் ஆக வேண்டும், அவரும் ஆரோக்கியமான பிள்ளைதான். ப்ளஸ் டூ ரிசல்ட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரிவதில்லை. பிராணி சார்ட் இதே வியாதியைக் கூட்டத்தான் செய்கிறது. முயல், பெங்குவின், குரங்கு, சிங்கம் என்று போடும்போதே அது வகுப்பு ஏணி மாதிரி ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் சிங்கம், இவன் இன்னும் பெங்குவின், ஃபெயில்! பிள்ளைக்கு என்னவோ பெங்குவினாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஒரு வாரம் பெரியவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் பெங்குவின் பிடிக்காமல் போனது.

இவ்வளவும் படித்துவிட்டு, ஆகக்கூடி உயரம் அளப்பதே வெட்டி வேலை என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது நேர் எதிர். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம், நாலில் ஒன்று. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் நம்ம எண் 27.1. நாலு வருஷத்தில் ரெண்டு புள்ளி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இது பரம்பரைக் குட்டை இல்லை. கர்ப்பத்தில் அம்மாவுக்குச் சத்துப் போதாதது, திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு, ஆறு மாசத்துக்கு மேல் சரியான இணை உணவு கிடைக்காதது என்று மெதுவாகச் சேர்வது. மெலிந்த பிள்ளையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வயதுக்குக் குட்டையான பிள்ளை அப்படியில்லை, பார்க்க வயதில் சின்னப் பிள்ளை மாதிரி, அழகாக, ஒரு குறையும் இல்லாமல் தெரியும். அளந்தால்தான் உண்டு.

அதனால்தான் அந்தக் காலண்டர் ஆணி எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அது 3.8 செ.மீ. மேலே இருந்ததால் நல்லாயிருக்கிற பிள்ளையைப் பார்த்து ஒரு வீடு ஒரு வாரம் பயந்தது, நானூறு ரூபாய் போனது. அதே ஆணி 3.8 செ.மீ. கீழே இருந்திருந்தால்? நிஜமாகவே 84-ல் நிற்கிற ஒரு பிள்ளை சார்ட்டில் 87.8 என்று காட்டும். பெங்குவினைத் தாண்டியாச்சு என்று கைதட்டுவார்கள். உறவுக்காரம்மா வந்து பாராட்டிவிட்டுப் போவார். ஒருத்தரும் டேப் எடுத்துவரப் போவதில்லை. சந்தோஷமான எண்ணை யார் தணிக்கை செய்கிறார்கள்? எங்க ஆடிட்டிங் வகுப்பில் சொல்வது போல, லாபம் காட்டுகிற கணக்கைத்தான் ரெண்டு தடவை பார்க்க வேண்டும்.

என் டேப்பையும் நம்பாமல், பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்கு வாண்டுவைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே உயரம் அளக்க நட்டமாக ஒரு கம்பியும், தலையில் வந்து உட்காருகிற ஒரு தட்டும் இருந்தது. அங்கிருந்த டீச்சர் அளந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செருப்பைக் கழற்று, குதிகால், பின்பக்கம், தோள் எல்லாம் பின்னால் ஒட்டட்டும், முழங்கால் மடங்காமல் ஒரு ஆள் பிடி, பார்வை நேராக, மேலேயும் வேண்டாம் கீழேயும் வேண்டாம். தட்டை இறக்கி முடியை அமுக்கிப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, பிள்ளையை இறக்கிவிட்டு, மறுபடி நிறுத்தி இன்னொரு தடவை. 89.5. எங்களுக்கும் அவருக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றதும் நான் குதித்தேன், அவர் சிரித்தார். "நீங்க வீட்டுல எதுல வேணா அளங்க, ஆனா எப்பவும் அதுலயே அளங்க" என்றார். 1975-லிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது, எத்தனை லட்சம் பிள்ளைகள் இப்படி ஒரு தட்டுக்குக் கீழே நின்றிருப்பார்கள். நாம் என்னவோ அங்கன்வாடி என்றால் சத்துமாவு என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்து சார்ட்டை இறக்கினோம். வீட்டில் சார்ட் மாட்டப்போகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் டேப்பை வைத்து அந்தச் சார்ட்டின் ஸ்கேலே சரியா என்று பாருங்கள். துணி இழுபடும், சில அச்சில் பத்து சென்டிமீட்டர் என்பது பத்தாகவே இருப்பதில்லை. எங்களுடையது தப்பித்தது. அப்புறம் 60 என்ற கோடு தரையிலிருந்து 60-ல் நிற்கிற மாதிரி ஆணியடியுங்கள். தலையில் நோட்டுப் புத்தகத்தைப் படுக்கையாக வைக்காமல் அதன் முதுகைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டிப் பிடித்தால் கை சாயாது. கோட்டுக்குப் பக்கத்தில் தேதியோடு காலையா மாலையா என்றும் எழுதுங்கள்.

அத்தான் இந்தத் தடவை புது ஆணி அடித்தார். அடித்த பிறகு டேப்பை வைத்து ரெண்டு தடவை பார்த்தார். பழைய பென்சில் கோட்டை அழிக்கலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம், பக்கத்தில் "+3.8" என்று எழுதி வைப்போம் என்றேன். கணக்குப் புத்தகத்தில் ரப்பருக்கு இடமில்லை.

பிரச்சினை, வாண்டு சுவர்ப் பக்கம் வர மாட்டேன் என்று இருந்ததுதான். அதைத் தீர்த்தது எங்க ஆச்சி, அம்மாவோட அம்மா. வாண்டுவைப் பார்க்க வந்தவள், கையில் இருந்த பையைக்கூட வைக்காமல் நேராகச் சார்ட்டில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஏட்டி, மொதல்ல என்னய அளந்து சொல்லு" என்றாள். நோட்டை வைத்துப் பார்த்தேன். 145.2. வயசான பிறகு முதுகெலும்புத் தட்டுகள் மெலிந்து, நாற்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் போகும் என்று படித்திருந்தேன். கொஞ்ச காலத்தில் நிறையக் குறைந்தால் எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்களாம். முன்னால் எவ்வளவு இருந்தாய் என்று கேட்டேன். "கல்யாணத்தப்போ ஒங்க தாத்தா காதுக்கு நின்னேன்" என்றாள். தாத்தா இப்போது இல்லை, அவர் காது எத்தனை செ.மீ.-ல் இருந்தது என்பதற்கும் பதிவு இல்லை. ஆகவே 145.2 என்று சிவப்பு மையில் எழுதி, ஓபனிங் பேலன்ஸ் போட்டாச்சு.

வாண்டு தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "ஆச்சி எங்க இருக்கா?" என்று கேட்டான். யானைக்கு மேலே என்று காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அவனே வந்து ஆச்சி பக்கத்தில் முதுகை ஒட்டி நின்றுகொண்டான், குதிகாலைத் தூக்கியபடி. "கால எறக்குல" என்றாள் ஆச்சி.